பிணையப் பழுதறிதலும் தமிழ் இளைஞரும்



இரமணாசிரமத்தை அடுத்துச் செங்கம் சாலையில் ஒரு தங்கல்மனை. கார்த்திகை விளக்கீட்டிற்கு முந்தைய நாள் மாலை. அறைகள் அனைத்தும் நிரம்பியிருக்கின்றன. மாடியில் தங்கியுள்ள வெளிநாட்டார் ஒருவர் தம் இல்லத்தாரோடு பேச முயல்கிறார், இயலவில்லை. கீழே அறைப்பதிவு செய்யும் பெண் கணினித் திரையைப் பார்த்தவாறு கையைப் பிசைகிறாள். பணம் செலுத்த வந்தவர் கைப்பேசியை நீட்டியபடியே நிற்கிறார். "நெட்டு இல்லை" என்னும் இரு சொற்களே மனை முழுதும் கேட்கின்றன. இஃது இன்ன மனையில் இன்ன நாளில் நடந்தது என்று கொள்ள வேண்டா. எந்த ஊரிலும் எந்த நாளிலும் நடக்கக் கூடியது என்று கொள்க.

மனைக்காரர் ஓர் இளைஞனை அழைக்கிறார். அவன் வடம் இழுக்கத் தெரிந்தவன். முனை பொருத்தத் தெரிந்தவன். ஏணி வைத்துக் கூரைமேல் ஏறவும் அஞ்சாதவன். வந்தவுடன் பெட்டிகளின் மின்னை நிறுத்துகிறான், பத்து எண்ணுகிறான், மீண்டும் போடுகிறான். இணைப்பு வருகிறது. எல்லாரும் மகிழ்ந்து முடிப்பதற்குள் போய்விடுகிறது. மறுபடியும் நிறுத்துகிறான், மறுபடியும் போடுகிறான். மூன்றாம் முறையும் தோற்றபின் சென்னைக்கோ பெங்களூருக்கோ தொலைப்பேசியில் அழைக்கிறான். அங்கிருந்து எவரோ ஆங்கிலத்தில் அடுக்கும் வினாக்களுக்கு விடை சொல்ல முடியாமல் தலை குனிகிறான்.

அவனுக்கு அறிவில்லையா? உழைப்பில்லையா? இரண்டும் உண்டு. இல்லாதது ஒன்றே. பொருத்துவதற்கு அவனுக்குக் கற்பித்தவர் உளர். பழுது காண்பதற்குக் கற்பித்தவர் இலர். அதனால் அவன் கூலி ஒரு வகையாகவும், தொலைவில் அமர்ந்து வினா அடுக்குபவனின் ஊதியம் வேறு வகையாகவும் இருக்கின்றன. இடையிலுள்ள வேறுபாடு மூளையின் வேறுபாடன்று. கற்றுக்கொடுக்கப்பட்டதற்கும் கற்றுக்கொடுக்கப்படாததற்கும் உள்ள வேறுபாடு.

இந்த மலையடிவாரத்திற்கும் வெளியுலகிற்கும் உள்ள தொடர்பு புதியதன்று. 1922 ஆம் ஆண்டின் இறுதியில் இரமணர் மலைமேலிருந்து இறங்கி இங்கே தங்கினார். பால் பிரண்டன் என்னும் ஆங்கிலேயர் 1931 இல் வந்து கண்டு, 1934 இல் தம் நூலை வெளியிட்டபின், கடல் கடந்த நாடுகளிலிருந்து மடல்கள் வந்தவண்ணம் இருந்தன. அன்று அஞ்சற்காரர் தவறினால் ஒரு மடல் தவறும். இன்று ஒரு வடம் தவறினால் ஒரு தெருவே ஊமையாகிறது. இந்தியாவில் கல்வி நிறுவனங்களை இணைத்த 'எர்நெட்டு' 1986 இல் தொடங்கியபோது சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அதில் ஓர் உறுப்பாக இருந்தது. பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது 1995 ஆகத்து 15 ஆம் நாள். அதிலும் சென்னை முதல் நகரங்களுள் ஒன்று. ஆகவே, தமிழன் இத்துறைக்குப் பிந்தி வந்தவன் அல்லன். 'இணையம்' என்ற அழகிய சொல்லைத் தந்தவராகப் போற்றப்படும் நா. கோவிந்தசாமி சிங்கப்பூர்த் தமிழரே. சொல் பிறந்தது, ஆயின் அச்சொல் குறிக்கும் பொருளைப் பழுதுபார்க்கும் கல்வி தமிழில் வேர்விட்டதா என்பதுதான் வினா.

கருவிகள் இரண்டினை முதற்கண் அறிதல் வேண்டும். கடைத்தெருவில் 'சுவிட்ச்' எனப்படுவது நிலைமாற்றி. 'ரூட்டர்' எனப்படுவது திசைவி. நிலைமாற்றி ஒரு மனைக்குள் உள்ள கணினிகளை ஒன்றோடொன்று சேர்ப்பது. திசைவி ஒரு பிணையத்திலிருந்து மற்றொரு பிணையத்திற்கு வழிகாட்டுவது. ஒரே தெருவுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மடல் கொடுப்பவனைப் போன்றது முன்னது. ஊர்ப்பெயரைப் பார்த்து எந்த வண்டியில் ஏற்றுவது என்று முடிவு செய்யும் அஞ்சற் பிரிப்பு நிலையத்தைப் போன்றது பின்னது. செய்திகள் சிறு சிறு பொதிகளாகக் கட்டப்பட்டே செல்கின்றன. இவ்வளவு தெரிந்தால் மேலே செல்லலாம்.

மலைவலம் வராதவர் இவ்வூரில் இரார். ஏறத்தாழ 14 கிலோமீட்டர். இந்திர இலிங்கத்தில் தொடங்கி, தீ இலிங்கம், யம இலிங்கம் என்று வரிசையாகக் கடந்து, ஈசானிய இலிங்கம் வழியாகப் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்கிறார்கள். மாந்தனுக்குக் கால் வலிக்கிறது. ஒரு சுற்றோடு நின்றுவிடுகிறான். வலிக்காத கால் உடைய ஒருவன், எத்தனை சுற்று வந்தோம் என்னும் கணக்கே இல்லாத ஒருவன், அந்தப் பாதையில் விடப்பட்டால் என்ன ஆகும்? விடிய விடிய, ஆண்டு முழுவதும் சுற்றிக்கொண்டேயிருப்பான். நிலைமாற்றிகளுக்கிடையே ஓடும் சட்டகம் அத்தகையதே. அதன் மேல் சுற்றுக்கணக்கு எழுதப்படுவதில்லை.

எனவே, நிலைமாற்றிகள் ஒரு வளையமாக இணைந்துவிட்டால், "எல்லாரும் கேளுங்கள்" என்று முழங்கும் ஓர் அழைப்பு இருபுறமும் கிளம்பிச் சுற்றத் தொடங்குகிறது, நிற்பதில்லை. வளையங்கள் பலவானால் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகுகிறது. ஒரே கணினியின் முகவரி ஒரு நொடி இந்தத் துளையிலும் மறுநொடி அந்தத் துளையிலும் தென்படுவதால் நிலைமாற்றியும் குழம்புகிறது. சில நொடிகளில் வடங்கள் முழுதும் இந்த வெற்று முழக்கத்தால் நிரம்பி, உண்மைச் செய்தி நுழைய இடமின்றிப் போகிறது. செங்கம் சாலைத் தங்கல்மனையில் நேர்ந்ததும் இஃதே. அறையைப் பெருக்கியவர் கீழே தொங்கிய வடத்தின் முனையைக் கண்டு, 'பாவம், கழன்றுவிட்டது போலும்' என்று நல்லெண்ணத்தோடு எதிரிலிருந்த வெற்றுத் துளையில் செருகிவிட்டார். அவ்வடத்தின் மறுமுனை அதே நிலைமாற்றியில்தான் இருந்தது!

இதற்கு மாற்று 1985 இலேயே காணப்பட்டது. டிசிட்டல் எக்குவிப்மெண்ட்டு என்னும் அமெரிக்க நிறுவனத்தில் பணியாற்றிய இரேடியா பெர்ள்மன் என்ற பெண்மணி, நிலைமாற்றிகள் தமக்குள் பேசி ஒன்றை வேராகத் தெரிந்தெடுத்து, வேருக்குச் செல்லும் குறுகிய வழியை மட்டும் திறந்துவைத்து, மிகுதி வழிகளை அடைத்துவிடும் கிளைமர நெறியை வகுத்தார். 1990 இல் அது பொதுத்தரமாயிற்று. திறந்த வழி அறுந்தால் அடைத்த வழி தானே திறக்கும். ஆனால், கடையில் மலிவாகக் கிடைக்கும் சிறு நிலைமாற்றிகள் பலவற்றில் இந்நெறி இல்லை. வாங்குபவர் விலையை மட்டும் பார்க்கிறார், விற்பவர் சொல்வதுமில்லை.

நெறி இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டிருக்க இயலாது என்பதற்கு ஒரு பெரும் சான்று உண்டு. அமெரிக்காவின் பாசுட்டன் நகரில் பெத் இசுரேல் டீக்கனசு என்னும் புகழ்பெற்ற மருத்துவமனை. 2002 நவம்பர் 13 அன்று அதன் பிணையம் திணறத் தொடங்கி, நாலு நாள் அளவும் சீர்ப்படவில்லை. மருந்துச் சீட்டும் ஆய்வு முடிவும் கணினியில் ஓடிய இடத்தில் தாளும் எழுதுகோலும் ஓடின. கணினி வருமுன் பழகிய மூத்தோர் இளையோர்க்குத் தாள்முறையைச் சொல்லித்தர வேண்டியதாயிற்று. ஏது என்ன? பிணையம் ஆண்டுதோறும் ஒட்டுப்போட்டு வளர்ந்திருந்தது. ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே ஏழு நிலைமாற்றிகளுக்கு மேற்படலாகாது என்பது கிளைமர நெறியின் பரிந்துரை, அவ்வெல்லை கடக்கப்பட்டிருந்தது. மிகுந்த பளு வந்தபோது நெறி குழம்பி வளையம் திறந்துகொண்டது. உலகின் தேர்ந்த வல்லுநர்கள் வானூர்தியில் வந்திறங்கிய பின்னரே சீராயிற்று. அம்மருத்துவமனையின் தகவல் தலைவர் சான் அலாம்கா நேர்ந்த பிழையை மூடி மறைக்காமல் ஊரறியச் சொன்னார். பழுதறியும் கல்விக்கு அவர் செய்த உதவி அது. பிழையை மறைக்கும் இடத்தில் எவரும் எதையும் கற்க முடிவதில்லை.

இனித் திசைவிக்கு வருக. பொதியின் மேல், சட்டகத்தில் இல்லாத ஒன்று எழுதப்பட்டிருக்கிறது: வாழ்நாள் எண். ஒவ்வொரு திசைவியும் அதில் ஒன்றைக் குறைக்கும். சுழியமானால் பொதியைக் கொன்று, "உன் பொதி என்னிடத்தில் மாண்டது" என்று அனுப்பியவனுக்குச் செய்தி விடுக்கும். சாவோலை போன்ற இச்செய்தியையே வழிகாட்டும் விளக்காக மாற்றினார் வான் சேக்கப்சன் என்னும் அறிஞர். 1987 இல் அவர் படைத்த 'டிரேசுரூட்டு', வாழ்நாள் 1 என்று குறித்து ஒரு பொதியை விடும். முதல் திசைவி கொன்று தன் பெயர் சொல்லும். வாழ்நாள் 2 என்று விடும். இரண்டாம் திசைவி பெயர் சொல்லும். இப்படியே வழியிலுள்ளோர் அனைவரும் தம்மைத் தாமே காட்டிக்கொடுப்பர். அதற்கு முன்னரே, 1983 திசம்பரில், மைக்கு மூசு என்பவர் ஒரு பிணையப் பழுதைக் காணவேண்டி ஒரே இரவில் எழுதியது 'பிங்' என்னும் சிறு நிரல். நீர்மூழ்கிகளைத் தேட எழுப்பும் ஒலியின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. இன்றும் உலகெங்கும் பழுதறிவோர் முதலில் கையில் எடுப்பது அதனையே. இரண்டும் எல்லாக் கணினியிலும் விலையின்றி இருக்கின்றன. இருந்தும் எத்தனை பேர் அவற்றின் விடையைப் படிக்கத் தெரிந்திருக்கின்றனர்?

படிப்பதில்தான் சூழ்ச்சி இருக்கிறது. 'பிங்' விடை வரவில்லையாயின் பொதி சென்று சேரவில்லை என்று முடிவு கட்டுகிறான் புதியவன். பொதி சென்று சேர்ந்திருக்கலாம். மறுமொழிக்குத் திரும்பும் வழி தெரியாமலிருக்கலாம். போகும் வழியும் மீளும் வழியும் வெவ்வேறு. இரண்டு திசைவிகளிலும் வழிப்பட்டியலைப் பார்க்காதவன் ஒரே பக்கத்தில் இரவெல்லாம் தேடிக்கொண்டிருப்பான். சிறு பொதிக்கு விடை வந்து, பெருங்கோப்பு மட்டும் நத்தையாய் நகர்ந்தால், ஒருவேளை வடத்தின் ஒருமுனை 'இருவழியும் ஒரே நேரத்தில்' என்றும் மறுமுனை 'ஒருவர் மாற்றி ஒருவர்' என்றும் அமைந்திருக்கும். அது சாகாத நோய், ஆதலின் மிகக் கொடியது. கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால் முகவரி வழங்கும் கருவியோடு அதற்குத் தொடர்பே கிட்டவில்லை என்று பொருள். 192.168 என்று தொடங்கியும் அம்மனைக்கு உரியதல்லாத வரிசையாக இருந்தால், விருந்தினர் எவரோ தாம் கொண்டுவந்த சிறு திசைவியைச் சுவரில் செருகியிருக்கிறார். அதுவும் முகவரி வழங்கத் தொடங்கிவிட்டது. ஒரு வீட்டில் இரண்டு மாமியார்!

ஏரிப்பாசனம் கண்ட இம்மாவட்டத்தாருக்கு இம்முறை புதியதன்று. கடைமடையில் நீர் வரவில்லை என்றால் நீர்க்கட்டி என்ன செய்தார்? மதகை உடைத்துப் பார்த்தாரா? கரைமேல் நடந்து, நடு வாய்க்காலில் நீர் இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். இருந்தால் பழுது அதற்குக் கீழே; இல்லையேல் மேலே. ஒரே பார்வையில் பாதி வாய்க்காலை விலக்கிவிட்டார். பிணையத்திற்கும் இதுவே நெறி. இருபத்துநான்கு வடங்கள் செருகிய நிலைமாற்றியில் குற்றமுள்ள ஒன்றைக் காண இருபத்துநான்கு முறை பிடுங்க வேண்டா. பாதி பாதியாக விலக்கின் ஐந்து முறை போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல், மாற்றியதை எழுதிவைத்தல், பயனில்லையேல் பழையபடி வைத்தல். இம்மூன்றும் இல்லாதவன் ஒரு பழுதை நீக்க நுழைந்து மூன்று பழுதுகளை விட்டு வெளியேறுவான்.

வழிப்பட்டியலின் ஆற்றலை உலகம் ஒருநாள் அதிர்ச்சியோடு கண்டது. 2008 பெப்ருவரி 24. பாக்கித்தான் அரசு தன் நாட்டில் யூடியூபைத் தடுக்க ஆணையிட்டது. அந்நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனம், யூடியூபின் 256 முகவரிகள் அடங்கிய ஒரு தொகுதிக்குத் தானே உரியவன் போல் ஒரு பொய்வழியை அமைத்தது. உள்நாட்டில் நிற்க வேண்டிய அவ்வறிவிப்பு, அதற்கு இணைப்பு வழங்கிய ஆங்காங்கு நிறுவனத்தின் வழியாக உலகத் திசைவிகளுக்கெல்லாம் பரவிவிட்டது. யூடியூப் அறிவித்திருந்ததோ 1024 முகவரிகள் கொண்ட பெருந்தொகுதி. திசைவி எப்போதும் குறுகிய, நுட்பமான முகவரியையே நம்பும். "திருவண்ணாமலை" என்று மட்டும் சொல்பவனை விட "செங்கம் சாலை" என்று சொல்பவனை அஞ்சற்காரர் நம்புவதைப் போல. உலக நேரம் 18.47 மணிக்கு வழிமாறிய பொதிகள் பாக்கித்தானுக்குப் பாய்ந்து அங்கே மாண்டன. 20.07 மணிக்கு யூடியூபும் அதே 256 முகவரித் தொகுதியை அறிவித்தது. பின்னர் 128 முகவரிகளாகப் பிளந்து இன்னும் நுட்பமாக அறிவித்தது. 21.01 மணிக்கு ஆங்காங்கு நிறுவனம் பொய்வழியை நீக்கியபின் உலகம் சீரடைந்தது. ஓர் அரசின் வாய்ப்பூட்டு தன் எல்லை தாண்டி உலகத்தின் வாயையே பூட்டிய கதை இது. பிழை என்றாலும் பொருந்தும். ஆணவம் என்றாலும் பொருந்தும்.

இந்தியாவிலும் நிகழாமலில்லை. 2021 ஏப்பிரல் 16 அன்று வோடபோன் ஐடியாவின் பிணையம் தனக்கு உரிமையில்லாத 30,000 க்கும் மேற்பட்ட முகவரித் தொகுதிகளைத் தன்னுடையனவாக அறிவித்துவிட்டது. சொல்பவனை அப்படியே நம்பும் பழைய நெறியின் குறை இது. தொகுதிக்கு உரியவன் யார் என்பதற்குக் கையொப்பமிட்ட சான்று வைக்கும் முறை வந்திருக்கிறது. எல்லாரும் அதனை மேற்கொண்டாரில்லை.

அதே ஆண்டு அக்தோபர் 4, இந்திய நேரம் இரவு 9.10 அளவில், முகநூலும் வாட்சப்பும் ஒருங்கே மறைந்தன. தம் முதுகெலும்புப் பிணையத்தின் கொள்திறனை அளக்க விடுத்த ஒரு கட்டளை, முதுகெலும்பையே துண்டித்துவிட்டது. அத்தகைய கட்டளையைத் தடுக்க வேண்டிய காவல் நிரலிலும் பிழை. நடுவிடங்களோடு பேச முடியாத பெயர் வழங்கிகள், 'நாம் நலமாக இல்லை' என்று கருதித் தம் வழிகளைத் தாமே உலகப் பட்டியலிலிருந்து விலக்கிக்கொண்டன. பழுதுபார்க்கும் கருவிகளும் அதே பிணையத்தில் இருந்தமையால் அவையும் இயங்கவில்லை; பொறிஞர் நேரில் சென்று, காவல் மிக்க கட்டடங்களுக்குள் நுழையவே நேரமாயிற்று. ஏறத்தாழ ஆறு மணிநேரம். தொலைவிலிருந்து எல்லாவற்றையும் ஆளலாம் என்போர் எண்ணிப் பார்க்கட்டும்: இறுதியில் ஒரு மாந்தன் பெட்டியின் முன் போய் நிற்க வேண்டியிருந்தது.

அப்படி நிற்கும் மாந்தன் ஏன் இம்மலையடிவாரத்து இளைஞனாக இருத்தல் ஆகாது? கற்கும் முறை மறைபொருளன்று. சிசுகோ நிறுவனம் 2010 முதல் 2020 பெப்ருவரி வரை பழுதறிதலுக்கென்றே தனித்தேர்வு ஒன்றை நடத்தியது. பிணையத்தை அமைக்கும்படி அதில் கேட்கவில்லை. அமைத்துக் கெடுத்து வைத்த பிணையத்தைத் தந்தார்கள். பிணையத்தின் படத்தை முன்கூட்டியே வெளியிட்டும் விட்டார்கள். ஒவ்வொரு சிக்கலுக்கும் மூன்று வினாக்கள்: பழுது எந்தக் கருவியில்? எந்த நெறியில்? எதனால் தீரும்? படம் முன்பே கையிலிருந்தும் பலர் தடுமாறினர். உருப்போட்டவனுக்கு அங்கே வேலையில்லை. இன்று அத்தேர்வு இல்லை. அதன் பொருள் வேறு தேர்வுகளில் கலந்துவிட்டது. அந்த மூன்று வினாக்கள் மட்டும் எவர்க்கும் பொதுவாக எஞ்சியிருக்கின்றன. அவற்றைத் தமிழில் கேட்கத் தடையேதும் இல்லை.

திசைவி, நிலைமாற்றி, வழிப்பட்டியல், வாழ்நாள் எண் என்றெல்லாம் சொல்லிவிட்டால் வேலை கிடைக்குமா என்று ஏளனம் செய்வோர் உண்டு. கருவியின் கட்டளைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அவை நூறோ இருநூறோ சொற்கள். ஒரு திங்களில் பழகிவிடலாம். எண்ணம் எந்த மொழியில் ஓடுகிறது என்பதே செய்தி. 'போன வழி உண்டு, மீளும் வழி இல்லை' என்று ஓர் இளைஞனுக்குத் தாய்மொழியில் விளங்கிவிட்டால், அதற்குரிய ஆங்கிலக் கட்டளையை அவன் எங்கிருந்தும் பார்த்து எழுதிக்கொள்வான். விளங்காதவனுக்கு ஆயிரம் கட்டளைகள் தெரிந்தும், கண் கட்டியவன் கையில் விளக்குக் கொடுத்த கதைதான்.

செலவும் பெரிதன்று. பிணையத்தைக் கணினித் திரையிலேயே கட்டிப் பார்க்கும் 'பேக்கெட் டிரேசர்', 'சி.என்.எசு.3' போன்ற நிரல்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. நூலகத்து மேசை ஒன்று, பழைய நிலைமாற்றிகள் இரண்டு, திசைவி ஒன்று, வடங்கள் ஐந்தாறு, நால்வர். ஒருவன் மற்றவரை வெளியே அனுப்பிவிட்டு ஒன்றைக் கெடுத்து வைப்பான். கெடுத்தது எது என்று தாளில் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வான். மற்ற மூவரும் உள்ளே வந்து கடிகாரத்தைப் பார்த்துத் தேடத் தொடங்குவர். மின்னை நிறுத்திப் போடுவது மட்டும் கூடாது. கண்டபின், எதைப் பார்த்து எதை விலக்கினோம் என்று ஒருவன் தமிழில் ஒரு பக்கம் எழுத வேண்டும். அடுத்த நாள் கெடுப்பவன் வேறொருவன்.

செங்கம் சாலை இளைஞனை மறந்துவிடலாகாது. தொலைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு அவன் நிலைமாற்றியைப் பார்க்கிறான். எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில் வெறிகொண்டு மின்னுகின்றன. பாதி வடங்களைக் கழற்றுகிறான், மின்னல் அடங்குகிறது. கழற்றியவற்றில் பாதியைச் செருகுகிறான்; அடங்கியே இருக்கிறது. மீதியில் ஒவ்வொன்றாக. நான்காவதைச் செருகியதும் விளக்குகள் மீண்டும் வெறிகொள்கின்றன. அந்த வடத்தைக் கையில் பிடித்தபடியே சுவரோரம் நடக்கிறான். அது ஒரு வளைவு வளைந்து, அவன் புறப்பட்ட பெட்டிக்கே வந்து சேர்கிறது.